ஏரி முறை – 14: பூட்டிய பட்டியல்

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரி காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்தில் இளைய மருமகள். கணவன் கார்த்திக்குக் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தபடியே, இணையப் பக்கங்கள் கட்டுகிற வேலை.

இந்த நவரைப் பட்டத்தில் ஏரித் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிட்டது. இன்னும் ஒரு சுற்றுத் தண்ணீர்தான் என்று தெரிந்ததும், ஊர் வழக்கப்படி கடைசிச் சுற்றுக்கென்று தனியாகச் சீட்டுக் குலுக்கினார்கள். மொத்தம் முப்பத்தெட்டு நிலக்காரர்கள். சீட்டில் வந்த எண்தான் முறை. வழக்கமாக அதை ஏரி சங்கத்து நோட்டில் எழுதுவார்கள். இந்த வருஷம் எழுதவில்லை. கஸ்தூரி செய்து கொடுத்த பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏரி அளவும் நில அளவும் கொடுத்தால் போதும், அடுத்தது யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அதுவே கணக்குப் போட்டு எல்லார் போனிலும் காட்டும்.

அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று கஸ்தூரி ஒன்று சொன்னாள்.

"இதுல வர்ற முறைய யாராலயும் மாத்த முடியாது. ரீட் ஒன்லின்னு பூட்டி வச்சிக்கீறேன். பாக்கலாம், கை வைக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

ஊர் கை தட்டியது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாக்கில் சனி உட்காருகிறபோது சத்தம் கேட்பதில்லை.

போன வாரம் மூத்தார், அதாவது கார்த்திக்கின் அண்ணன் சடையப்பன், வந்து நின்றதையும் படித்திருப்பீர்கள். மாமியார் தாயாரம்மாள் பேரில் இருக்கிற நிலத்துக்குச் சீட்டில் முப்பத்தேழு விழுந்திருந்தது. அதுவரைக்கும் ஏரி தாங்குமா என்று அவருக்குப் பயம். "கொஞ்சம் முன்னால தள்ளி வையேன்" என்று கேட்டார். "முடியாது மாமா" என்றாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி. வாசலில் முழங்கால் வரை சேற்றோடு முனிரத்தினம் நிற்கிறார்.

"தாயாரம்மா, வெளிய வா. இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

தாயாரம்மாள் கையில் காபி டம்ளரோடு வந்தாள். பின்னால் சடையப்பன், அவர் மனைவி இளவரசி, கடைசியில் கஸ்தூரி.

"காலங்காத்தால இன்னா கூச்சல்?"

"இன்னிக்கு முப்பதாவது முறை. அது என் முறை. மடைய வெட்டி வச்சிக்கினு இருட்டுலேர்ந்து நிக்கிறேன், தண்ணி வர்ல. போய்ப் பாத்தா உங்க வாய்க்கால்ல போய்க்கினு கீது. முப்பத்தேழாம் நம்பருக்கு இன்னிக்கு எப்படிம்மா தண்ணி?"

அவருக்குப் பின்னாலேயே நீர்க்கட்டி தானியேல் வந்தார். மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை.

"என் மேல கோவப்படாதீங்க. போன் சொல்றததான் நான் செய்றேன்" என்று போனை நீட்டினார்.

கஸ்தூரி வாங்கிப் பார்த்தாள். அடுத்த முறை: தாயாரம்மாள். காலை ஆறிலிருந்து ஒன்பது இருபது வரை. முப்பத்தேழாவதாக இருக்க வேண்டிய பெயர், முப்பதாவது இடத்தில்.

திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முனிரத்தினம் நாலு பேருக்குப் பின்னால் போயிருந்தார்.

"போன்லயே வந்துக்கீது இல்ல, அப்புறம் இன்னா?" என்றாள் தாயாரம்மாள். "நீ எதுனா அமுத்தி வச்சிட்டு எங்க மேல பழி போடுறியா?"

"நான் அமுத்துறதா? என் போன்ல டார்ச்சு மட்டும்தான் எனக்குத் தெரியும். பயிரு பால் புடிக்கிற நேரம்மா. இன்னும் ரெண்டு நாள் காஞ்சா ரெண்டு ஏக்கரும் பதரு. நானா என் முறைய உனக்குத் தூக்கிக் குடுப்பேன்?"

பிறகு கஸ்தூரியின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"யாராலயும் மாத்த முடியாதுன்னு நீதான் சொன்ன. இப்ப யாரு மாத்துனது? மாறுறது மாறுது, உன் மாமியாளுக்கு மட்டும் நல்லதா மாறுது பாரு."



சங்கத் தலைவர் கிருஷ்ணசாமிக்குப் போன் போனது. அவர் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதகை மூடு. சாயந்திரம் ஐந்து மணிக்குக் கூட்டம். முறையைக் கலைத்தது யார் என்று அங்கே தெரிந்தாக வேண்டும்.

கலைத்தவர் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த ஊரில் அது பழைய கட்டு: முறை கலைத்த வீட்டுக்கு அடுத்த வருஷம் ஏரித் தண்ணீர் கிடையாது. மூன்று ஏக்கரையும் தரிசாகப் போட வேண்டியதுதான்.

*

அன்று அந்த வீட்டில் நாஷ்டா சாப்பிட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். நாலு பேர், நாலு தட்டு, யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சடையப்பன் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார். சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு கை கழுவினார். குற்றமுள்ள மனசுக்குத்தான் பசிக்காது என்று கஸ்தூரி நினைத்தாள். தன் தட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பது அவள் கண்ணில் படவில்லை.

"வெளியாளு எவனுக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியும்?" என்று தாயாரம்மாள் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டாள். "பண்ணியிருந்தா வூட்டுலதான் பண்ணியிருக்கணும்."

அந்தப் பக்கத்தில் எதையாவது பதிய இரண்டு பாஸ்வேர்டுதான். ஒன்று கஸ்தூரியுடையது. இன்னொன்று இளவரசியுடையது. தினமும் சாயந்திரம் ஏரிக்கரைக்குப் போய் அளவுக் கல்லைப் பார்த்து, எத்தனை அடி என்று பதிவது இளவரசியின் வேலை. ஓரகத்திக்கும் ஒரு மரியாதை இருக்கட்டும் என்று கஸ்தூரிதான் அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

"ஏன் அத்த என்னப் பாக்குறீங்க?" என்றாள் இளவரசி.

"நான் எங்க உன்னப் பாத்தேன்? பொதுவா சொன்னேன்."

பொதுவாகச் சொல்கிற பேச்சு அந்த வீட்டில் யார் மேலாவது போய் விழாமல் இருந்ததே இல்லை. இளவரசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

கஸ்தூரி அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் யார் எதைச் சேமித்தாலும் பேரும் நேரமும் ஒரு இடத்தில் பதியும். அதைத் தேடி எடுத்தாள்.

நேற்று மாலை 5.40. ஏரி அளவு சேமிக்கப்பட்டது. முறை வரிசை சேமிக்கப்பட்டது. பதிந்தவர்: இளவரசி.

அவ்வளவுதான். இனி யோசிக்க என்ன இருக்கிறது? புருஷன் என்னிடம் கேட்டுப் பார்த்தார், நான் மறுத்துவிட்டேன், பொண்டாட்டியை வைத்து முடித்துக்கொண்டார். கஸ்தூரியின் மனசில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

*

பின்கட்டில் இளவரசி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து சாயந்திரம் இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? கல்லப் பாத்துட்டு வந்தேன். ரெண்டே முக்கால் அடி. போட்டேன், சேவ் குடுத்தேன்."

"வேற எதுனா அமுத்துனீங்களா?"

இளவரசி யோசித்தாள். "பெயர் வரிசைன்னு ஒரு பட்டன் வச்சிக்கீறியே, அத அமுத்துனேன். எதுத்த வூட்டுல அவங்க முறை எப்பன்னு கேட்டாங்க. பேரத் தேடணும்ல."

"அது சும்மா பாக்குறதுக்கு. அதனால எதுவும் மாறாது."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"

"நான் அப்படி சொல்லல."

"வேற எப்படி சொல்ற?"

 கஸ்தூரி கேட்கக்கூடாததைக் கேட்டாள்.

"மாமா சொல்லிக் குடுத்தாராக்கா?"

இளவரசி கையைத் தவிட்டிலிருந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நிதானமாகத் துடைத்தாள்.

"சொன்னாரு. நீ முடியாதுன்னதும் என்கிட்டதான் வந்தாரு. நீயாவது பாரு இளவரசின்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? அந்தப் பொண்ணு ஊருக்கு முன்னால வாக்கு குடுத்துட்டா, நாமளே கெடுத்தா நல்லாருக்காதுன்னேன். ரெண்டு நாள் என்னோட பேசல அந்த மனுசன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மெஷினுக்குப் பூட்டு போட்டன்னு சொன்ன. மனுசங்களயும் சேத்து சந்தேகப்படுவன்னு சொல்லல."

இதைக் கேட்டாவது கஸ்தூரிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. 'நல்லா நடிக்கிறாங்க' என்று நினைத்துக்கொண்டுதான் அறைக்குத் திரும்பினாள். சந்தேகம் என்பது வேப்பெண்ணெய் மாதிரி, கையில் பட்டுவிட்டால் அன்றைக்குத் தொடுவதெல்லாம் கசக்கும்.

*

ஊரில் என்ன நடந்தாலும் கம்பெனிக்கு என்ன? பதினொரு மணிக்கு வேலை வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த பெண் சுபாஷ்ரீ எழுதிய நிரலைச் சரிபார்த்துக் குறிப்பு எழுத வேண்டும்.

கஸ்தூரி செய்கிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் தெரிகிற பல விஷயங்களை யாரும் நேராக எழுதி வைப்பதில்லை. மூலத் தகவலிலிருந்து அது தானாகவே கணக்காகி வரும். மூலம் மாறினால் இதுவும் மாறும். அப்படிக் கணக்காகி வருவதற்குக் கம்ப்யூட்டட் என்று பெயர். அதன் மேல் 'படிக்க மட்டும்' என்று ஒரு முத்திரை இருக்கும். மீறி அதில் எதையாவது எழுதப் போனால், நிரல் எழுதுகிற திரையிலேயே சிவப்புக் கோடு விழுந்துவிடும். ஊருக்கு முன்னால் கஸ்தூரி அவ்வளவு தைரியமாகப் பேசியது இந்தச் சிவப்புக் கோட்டை நம்பித்தான்.

சுபாஷ்ரீ ஒரு பட்டியலை இப்படிக் கம்ப்யூட்டட் ஆக வைத்து, அதைப் பெயர் வாரியாக அடுக்கியிருந்தாள். கஸ்தூரி பார்த்த மாத்திரத்தில் தப்பைப் பிடித்துவிட்டாள். விறுவிறுவென்று எழுதினாள்:

"இது தவறு. படிக்க மட்டும் என்கிற முத்திரை, இந்தப் பட்டியலை எடுத்துவிட்டு வேறு பட்டியலை வைக்க முடியாது என்று மட்டும்தான் தடுக்கும். உள்ளே இருப்பதை இடம் மாற்றுவதைத் தடுக்காது. நீ அடுக்குவது நகலை அல்ல, மூலப் பட்டியலையே. முதலில் நகல் எடு, பிறகு அடுக்கு. இதைக் கவனிக்காமல் விட்டால்..."

கை நின்றுவிட்டது.

பெயர் வரிசை. அடுக்குவது. மூலப் பட்டியலையே.

சுபாஷ்ரீயின் நிரலை அப்படியே விட்டுவிட்டு ஏரிப் பக்கத்தின் நிரலைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. அதே வரி. நகல் எடுக்காமல் அடுக்கியிருந்தாள். மூலப் பட்டியலுக்கும் 'படிக்க மட்டும்' என்று வகை போட்டிருந்தால், அடுக்குகிற இடத்திலேயே சிவப்புக் கோடு விழுந்திருக்கும். போடவில்லை. கணக்காகி வருகிற முனையில் முத்திரை இருக்கிறதே, போதும் என்று விட்டிருந்தாள்.

அது மட்டுமா? அந்த வரிக்கு மேலே அவள் கையால் எழுதிய இன்னொரு வரி இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் கணினி ஒரு மஞ்சள் கோடு போட்டு, இது சரியில்லை என்று சொல்லியிருக்கிறது. சீட்டுக் குலுக்கலுக்கு நாள் நெருங்கிவிட்டதே என்கிற அவசரத்தில், இந்த எச்சரிக்கையை இங்கே காட்டாதே என்று ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்துவிட்டாள். பிறகு மறந்தும் போனாள்.

சோதனைக்கு வைத்திருந்த பிரதியில் பெயர் வரிசை பட்டனை அமுக்கினாள். ஏரி அளவு போட்டாள். சேமித்தாள். முப்பத்தெட்டுப் பெயரும் அகர வரிசையில் புரண்டுபோய் நின்றன. இன்னும் தண்ணீர் வாங்காதவர்களில் முதல் பெயர், தாயாரம்மாள்.

இளவரசி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கஸ்தூரிக்குக் காது சுட்டது. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்பட்டமாகச் சொன்னால், அழுகை வந்தது.

ஆனால் அழுகைக்கு நடுவிலேயே ஒரு நிம்மதியும் வந்ததே, அதையும் மறைக்கக் கூடாது. யாரும் மாற்றவில்லை. மூத்தார் மாற்றவில்லை, ஓரகத்தி மாற்றவில்லை. இது பிழை, திருட்டு இல்லை. பிழைக்கு ஊர்க்கட்டு கிடையாது.

கார்த்திக்குக் கூப்பிட்டாள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள்.

"அப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். இனிமே நகல்தான் அடுக்கும். நேத்து சாயந்திரத்துக்கு முன்னால இருந்த வரிசையத் திருப்பிப் போட்டுடுவேன். கூட்டத்துல நானே சொல்லிடுறேன், என் தப்புதான்னு."



"நேத்தோட நிறுத்திக்கோ. அதுக்கு முன்னால போய் நோண்டிக்கினு இருக்காத. டைம் வேஸ்ட்" என்றான். பிறகு, "ஷிப்ட் முடிஞ்சி வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

களைப்பில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே பேச்சைச் சந்தேகப்படவில்லை. பொண்டாட்டிமார்களுக்கு இது ஒரு வியாதி.

*

ஐந்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் உட்கார இடமில்லை. பெண்கள் ஜன்னல் ஓரமாக நின்றார்கள். தாயாரம்மாள் மட்டும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கிறேன் என்கிற மாதிரி.

கஸ்தூரி லேப்டாப்பை மேஜை மேல் வைத்தாள்.

"யாரும் முறைய மாத்தல. தப்பு என்னுது" என்று ஆரம்பித்தாள்.

சலசலப்பு எழுந்தது. "மாமியா வூட்டக் காப்பாத்துறா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேளுங்க. வெளிய கண்ணாடி போட்ட போர்டு கீதே, அதுக்குப் பூட்டு போட்டா யாரும் உள்ள கை விட முடியாது. நானும் அப்படித்தான் பூட்டுனேன். ஆனா உள்ள ஒட்ட வேண்டியது நகலு. நான் அசலையே ஒட்டிட்டேன். பேரு தேடுறதுக்குன்னு நான் வச்ச பட்டனு, பூட்டுக்கு உள்ளயே அசலக் கலச்சிடுச்சு. அக்கா தெரியாம அமுத்துனாங்க. அந்தப் பட்டன வச்சது நானு."

"கதை நல்லாக்கீது" என்றார் முனிரத்தினம். "எனக்குக் காட்டு."

காட்டினாள். சோதனைப் பிரதியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சேறு காய்ந்த விரலால் அவரே பட்டனை அமுக்கினார். பெயர்கள் புரண்டதைப் பார்த்தார். வரிசையை மீட்கச் சொல்லி இன்னொரு முறை அமுக்கினார். மூன்றாவது முறையும் அமுக்கினார்.

"ஆமாய்யா" என்றார் கடைசியில், கூட்டத்தைப் பார்த்து. "பட்டனுதான்."

சடையப்பன் இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். கஸ்தூரி இளவரசியைத் தேடினாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானே" என்றார் தலைவர் கிருஷ்ணசாமி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி. "பழைய வரிசையப் போட்டாச்சு. தானியேலு, முனிரத்தினத்துக்கு மதகைத் தொற. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. கெளம்புங்க எல்லாரும்."

இத்தனை சீக்கிரத்தில் அவர் எந்தக் கூட்டத்தையும் முடித்தவரில்லை. ஒரு டீயாவது வராமல் எழுந்திருக்க மாட்டார்.

கஸ்தூரி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மனசிலிருந்த பாரம் இறங்கிய வேகத்தில், காலையில் பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். எங்க வூட்டுல யாரும் முறைய மாத்தல. மாத்தவும் மாட்டாங்க."

"அப்ப எனக்கு ஒரு பதில் சொல்லிடும்மா."

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். வரதம்மாள். ஏரிக்கு வடகடைசியில் அரை ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாகப் பயிர் செய்கிறவள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். குலுக்கலில் எடுத்த சீட்டு. ஆறு என்று எழுதி, ஓரத்தில் சடையப்பன் கையெழுத்து.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆறு தெரியும். ஆனா போன்ல முப்பத்தி மூணுன்னு சொன்னாங்க."

கஸ்தூரி சீட்டை எடுத்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மீட்டுப் போட்ட வரிசையிலும் வரதம்மாள் முப்பத்து மூன்றில்தான் இருந்தாள்.

"இத ஏம்மா அப்பவே கேக்கல?"

"தானியேலக் கேட்டேன். போன்ல வர்றது மாறாதுன்னாரு. மாத்தவே முடியாதுன்னு நீயும் சொல்லிக்கீற. அப்ப நான்தான் சீட்ட யாருதோட மாத்தி எடுத்துக்கினேன்னு நெனச்சிக்கினேன். என்னுது மேட்டு நெலம், பயிரு எல்லாம் காஞ்சி போச்சிம்மா. இப்ப நீயே மாறும்னு சொல்ற. அதான் வந்தேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இந்தப் பெண்ணின் வாயை அடைத்தது யாரோ இல்லை, தான் என்று கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது.

பதிவுகளைப் பின்னால் தள்ளினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயந்திரம், குலுக்கல் முடிந்ததும் அவளே ஏற்றிய முதல் வரிசை. ஆறாவது வரதம்மாள். முப்பத்து மூன்றாவது தலைவர் கிருஷ்ணசாமி. அதற்கு அடுத்த பதிவு ஞாயிற்றுக்கிழமை காலை 11.20. ஆறாவது கிருஷ்ணசாமி. முப்பத்து மூன்றாவது வரதம்மாள். மற்ற முப்பத்தாறு பெயரும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பெயர் வரிசை பட்டன் எல்லாப் பெயரையும் கலைக்கும். இரண்டே பெயரை எடுத்து இடம் மாற்றாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

பதிந்தவர்: கஸ்தூரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காஞ்சிபுரத்தில் அண்ணன் மனைவி வளைகாப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப் வீட்டில், கட்டில் மேல். வரிசையை ஏற்றுகிற திரை அதில் அவள் பேரிலேயே திறக்கும். அன்று வீட்டிலிருந்தவர்களில் அதன் பாஸ்வேர்டு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாள் அவள் ஆசையாகச் சொல்லிக் கொடுத்த பாஸ்வேர்டு.

"யாரு பேரு போட்டுக்கீது?" என்றார் முனிரத்தினம்.

மூடியைச் சாத்திவிட்டால் போதும். மின்சாரம் போய்விட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று எதையாவது சொல்லலாம். மூன்று ஏக்கரும் அடுத்த வருஷம் தரிசாகக் கிடப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எதிரில் வரதம்மாள் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தாள்.

கஸ்தூரி லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என் பேரு. ஆனா அன்னிக்கு நான் ஊர்ல இல்ல."

"அப்ப உன் வூட்டுல யாரு இருந்தது?"

தாயாரம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். மருமகள் பக்கத்தில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே பார்ப்பவர்களுக்கு ஆதரவாகப் பிடித்த மாதிரி இருக்கும். வளையல் தோலில் பதிகிற அளவுக்கு இறுக்கினாள்.

"சொல்லாத" என்றாள், உதடு அசையாமல்.

கஸ்தூரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வரதம்மாளைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள்.

மாமியாரின் பிடி விட்டுப்போனது. தலைவர் கிருஷ்ணசாமி வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.